சுகர், பிரஷர், மூட்டுவலி இருக்கும்போது எடை குறைக்கத் தொடங்குவது எப்படி? வேலூர் வீட்டுச் சாப்பாட்டை வைத்து ஒரு முழு வழிகாட்டி

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதம். ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டால் எடை சரசரவென்று இறங்கும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டுப் படுத்தேன். சுகர் மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்தபோது தலையணை வரைக்கும் வியர்வை. நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, மகளைக் கூப்பிட வாயைத் திறந்தால் பேச்சு குழறுகிறது. அவள் எழுந்து வந்து விரலில் குத்திப் பார்த்தாள். சுகர் 52. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக் கால் மணி நேரம் ஆன பிறகுதான் கண் தெளிந்தது.

சாப்பாட்டைக் குறைத்தது தப்பில்லை. சாப்பாட்டைக் குறைத்துவிட்டு, முழுச் சாப்பாட்டுக்காக எழுதிக் கொடுத்த மாத்திரையை அப்படியே போட்டதுதான் தப்பு. அதை அன்றைக்கு வரை எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குச் சுகர், பிரஷர், தைராய்டு மூன்றும் உண்டு, வலது முட்டியில் தேய்மானமும் உண்டு. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் மட்டும் என் மாதிரி எத்தனை பேர்! டயட் என்று ஆரம்பித்து பத்தாம் நாள் மயங்கி உட்கார்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் என் டாக்டரிடமும் டயட்டீஷியனிடமும் கேட்டுக் கற்றுக்கொண்டதை, நானே செய்து பார்த்த வரிசையில் எழுதுகிறேன்.

முதல் படி: மாத்திரை டப்பாவைக் கொட்டுங்கள்

உடம்பு நன்றாக இருப்பவர் டயட்டைச் சமையலறையில் தொடங்கலாம். நாம் மாத்திரை டப்பாவில் தொடங்க வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் மேஜையில் பரப்பி, பெயர், அளவு, எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். கடையில் நீங்களே வாங்கிப் போடும் வலி மாத்திரையையும், நாட்டு மருந்தையும் விட்டுவிடாதீர்கள்.

சுகருக்கு கிளிமிபிரைட், கிளிக்ளாசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை போடுகிறவர்களும், இன்சுலின் போடுகிறவர்களும் சாப்பாட்டைக் குறைத்தால் சுகர் அபாயமாக இறங்கிவிடலாம். எனக்கு நடந்தது அதுதான். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு அந்தப் பயம் குறைவு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும். அதைப் போட்டுக்கொண்டு அரிசி, களி எல்லாவற்றையும் அடியோடு நிறுத்தினாலோ பட்டினி கிடந்தாலோ, ரத்தத்தில் கீட்டோன் என்கிற அமிலம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நிலை வரலாம். மெஷினில் சுகர் பெரிதாக ஏறாமல் இருக்கும்போதே இது வரும் என்பதால் ஏமாந்துவிடுவோம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது இருந்தால் காத்திருக்காமல் ஓட வேண்டும்.

பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயாசைட், குளோர்தாலிடோன் போல நீர் பிரிக்கும் மாத்திரை இருந்தால், எடையும் உப்பும் குறையும்போது பிரஷர் கூடுதலாக இறங்கி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். நம் ஊர் கத்திரி வெயிலில் இது இரண்டு மடங்கு தெரியும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசெனோகூமரால் போடுகிறவர்கள் திடீரென்று தினமும் கீரை சாப்பிட ஆரம்பிக்கக் கூடாது, மருந்தின் வேகம் மாறிவிடும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, காபிக்கும் டிபனுக்கும் முன்னால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு நான்கு மணி நேரம் தள்ளி.

இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். எழுதின தாளோடு டாக்டரிடம் போய், இப்படியே கேளுங்கள்: "டாக்டர், சாப்பாட்டைக் குறைக்கப் போறேன். இதுல எந்த மாத்திரையோட அளவு மாறணும்? சுகர், பிரஷர் எவ்வளவுக்குக் கீழே போனா உங்ககிட்ட சொல்லணும்?" இந்த இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகுதான் அடுத்த படி.

இரண்டாவது: பரிசோதனை

வெறும் வயிற்றுச் சுகர், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்த சுகர், மூன்று மாதச் சராசரி சுகர், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீரில் புரதம், தைராய்டு, கொழுப்பு, கல்லீரல், ஹீமோகுளோபின். ஆறு மாதத்துக்குள் எடுத்த ரிப்போர்ட் இருந்தால் அதை வைத்தே டாக்டர் சொல்லிவிடலாம். 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். நாம் காட்பாடியிலும் குடியாத்தத்திலும் இருந்துகொண்டு வருடக்கணக்கில் கிரியாட்டினின் பார்க்காமல் இருக்கிறோம். பணம் தடையாக இருந்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அந்த ஊழியரிடமே உங்கள் எடை யோசனையைச் சொல்லி வையுங்கள்.

இந்தப் பட்டியலில் கிரியாட்டினினை நான் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. எடை குறைக்கச் சொல்லும் அறிவுரையில் பாதி, "புரதம் நிறையச் சாப்பிடு, இளநீர் குடி, கீரை சாப்பிடு" என்றுதான் இருக்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு இந்த மூன்றுமே கெடுதலாகலாம். கிரியாட்டினின் கூடுதலாக இருந்தால் கீழே நான் சொல்லும் தட்டு உங்களுக்கானது இல்லை. உங்களுக்கென்று தனியாக டயட்டீஷியன் எழுதித் தர வேண்டும்.

இன்னும் சிலரும் இப்போது தொடங்கக் கூடாது. கர்ப்பமாக இருப்பவர்கள், முயற்சி எதுவும் செய்யாமலே எடை இறங்கிக்கொண்டிருப்பவர்கள், நடந்தால் நெஞ்சு அடைப்பவர்கள். கால் வீங்கி, இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறியிருந்தால் அது பெரும்பாலும் கொழுப்பாக இருக்காது, உடம்பில் நீர் தேங்குவது. அதற்கு டயட் பதில் கிடையாது, டாக்டர்தான்.

மூன்றாவது: எவ்வளவு குறைக்க வேண்டும்?

தையல் டேப்பை எடுத்து, மூச்சை இழுக்காமல், தொப்புள் மட்டத்தில் சுற்றளவு பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் வயிற்றுக் கொழுப்பு அதிகம். உடல் பருமன் குறியீட்டெண்ணில் (பி.எம்.ஐ., அதாவது கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது) மேல்நாட்டுக்காரர்களுக்கு 25 வரை சரி என்பார்கள், நமக்கு 23லேயே எச்சரிக்கை தொடங்கிவிடுகிறது. ஒல்லியாகத் தெரிந்தும் வயிறு மட்டும் தள்ளியிருக்கும் நம் உடல்வாகுதான் காரணம்.

இலக்கு சின்னதாக இருக்கட்டும். நான் தொடங்கும்போது 82 கிலோ. டாக்டர் சொன்னது, "முதல்ல நாலு கிலோ குறைங்க, அப்புறம் பேசலாம்." உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே சுகரும் பிரஷரும் இறங்கத் தொடங்கும். கொழுப்பு படிந்த கல்லீரலுக்கு ஏழு முதல் பத்து பங்கு. முட்டிக்கு இன்னும் நல்ல செய்தி: ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டி தாங்கும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறையும்.

வாரத்துக்கு அரை கிலோ போதும். வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் இறங்கினால் பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது, தசையும் கரைகிறது. மாதம் பத்து கிலோ என்று சொல்லிப் பவுடர் விற்பவர்களிடம் நானும் பணம் கட்டியிருக்கிறேன். டப்பாவில் என்ன இருக்கிறது என்று என் டாக்டர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நான்காவது: மூன்று நாள் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு. வாயில் போகிற எல்லாவற்றையும் எழுதுங்கள், மணியோடு. இதைச் செய்யும்போது எனக்கு இரண்டு விஷயம் பிடிபட்டது.

ஒன்று, டீ. வீட்டில் இரண்டு, வேலை இடத்தில் இரண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. எட்டு ஸ்பூன் என்றால் கிட்டத்தட்ட 40 கிராம், 160 கலோரி. சுகர்க்காரிதான், ஆனால் "டீக்கு மட்டும்" என்று எனக்கு நானே விலக்கு கொடுத்து வைத்திருந்தேன்.

இரண்டு, எண்ணெய். நாங்கள் நாலு பேர், மாதம் நாலு லிட்டர் கடலை எண்ணெய். ஆளுக்கு ஒரு லிட்டர். ஒரு நாளைக்கு ஒருவர் வயிற்றில் 33 மில்லி, அதாவது 270 கலோரிக்கு மேல். செக்கில் ஆட்டியதாக இருந்தாலும் கலோரி அதேதான். ஆளுக்கு அரை லிட்டராகக் குறைத்தால் சோற்றைத் தொடாமலே தினமும் 130 கலோரிக்கு மேல் மிச்சம். மாதத் தொடக்கத்தில் இரண்டு லிட்டரைத் தனிப் பாத்திரத்தில் ஊற்றி வைத்து, இதற்குள்தான் இந்த மாதம் என்று முடிவு செய்தோம். முதல் மாதம் இருபத்தோராம் தேதியே தீர்ந்துவிட்டது. மூன்றாவது மாதம் சரியாக வந்தது. தாளிக்கும்போது பாட்டிலைக் கவிழ்க்காமல் ஸ்பூனால் அளந்து விடுவதுதான் ஒரே மாற்றம்.

ஐந்தாவது: தட்டை மாற்றுவது

நம் தட்டில் சோறு மலை மாதிரி இருக்கும், பொரியல் ஓரத்தில் ஊறுகாய் அளவுக்கு இருக்கும். இதைத் திருப்பிப் போட வேண்டும். பாதித் தட்டு காய், கால் தட்டு பருப்பு அல்லது சுண்டல் அல்லது முட்டை அல்லது மீன், மீதிக் கால் தட்டு சோறு. சோற்றை ஒரே கிண்ணத்தால் அளந்து போடுங்கள். வெந்த சோறு 150 கிராம் என்றால் சுமார் 200 கலோரி. சாப்பிடும் வரிசையும் முக்கியம்: முதலில் காய், அடுத்து பருப்போ முட்டையோ, கடைசியில் சோறு. அதே சாப்பாட்டை இந்த வரிசையில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகர் ஏறுவது குறைகிறது. மெஷினில் நானே பார்த்தேன்.

இப்போது களிக்கு வருகிறேன். நம் பக்கத்தில் கேழ்வரகு என்றாலே சுகருக்கு நல்லது, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற நம்பிக்கை வேர் விட்டிருக்கிறது. கேழ்வரகில் கால்சியம் அதிகம், நார்ச்சத்து அரிசியைவிடக் கூடுதல், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மாவுச்சத்தும் கலோரியும் அரிசிக்குப் பக்கத்திலேதான் நிற்கிறது. அதோடு நாம் களியை மெல்லுவதில்லை. கிள்ளி, குழம்பில் தோய்த்து, விழுங்குகிறோம். வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரிவதற்குள் இரண்டு உருண்டை உள்ளே போய்விடும். கூழாகக் கரைத்துக் குடித்தால் சுகர் இன்னும் சீக்கிரம் ஏறும். கழனியில் நாள் முழுக்க வேலை செய்த தாத்தா காலத்து அளவு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பொருந்தாது. டென்னிஸ் பந்து அளவுக்கு ஒரு உருண்டை, கூடவே ஒரு கிண்ணம் கீரைக் கடைசல், ஒரு கிண்ணம் கொள்ளு அல்லது காராமணிக் குழம்பு. அது நல்ல சாப்பாடு.

இதை வீட்டில் நடைமுறைப்படுத்துவதுதான் கஷ்டம். "ஒரு உருண்டையா? இன்னொன்னு வெச்சிக்கோம்மா, உடம்பு என்னத்துக்கு ஆகும்" என்று என் மாமியார் கரண்டியோடு நிற்பார். "வேணாம் அத்தை, அதுக்குப் பதிலா கொள்ளு இன்னும் ஒரு கரண்டி ஊத்துங்க" என்றேன். மறுக்காமல் வேறொன்றைக் கேட்டதில் அவருக்கும் மனசு நோகவில்லை, எனக்கும் புரதம் கிடைத்தது. ஒரு வாரத்தில் அவரே கொள்ளைக் கூடுதலாக வேக வைக்க ஆரம்பித்துவிட்டார்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, நம் மண்ணின் பயிர். ஆனால் கொறிக்க உட்கார்ந்தால் கை நிற்காது. நூறு கிராமில் 550 கலோரிக்கு மேல். வேகவைத்து, தோல் உரித்து, ஒரு கைப்பிடி. அதை மாலை பஜ்ஜி, போண்டாவுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள், அதோடு சேர்த்து வேண்டாம்.

காய்க்கு நமக்குப் பஞ்சமே இல்லை. உழவர் சந்தைக்குக் காலையில் போனால் அன்றைக்குப் பறித்தது கிடைக்கும். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆனால் கத்திரிக்காய் எண்ணெயைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும். எண்ணெய்க் கத்திரிக்காயை மாதம் ஒரு முறைக்குத் தள்ளிவிட்டு, மற்ற நாளில் தக்காளி, பச்சை மிளகாயோடு வேகவைத்து மத்தால் கடைந்த கடைசலாகச் செய்யுங்கள். இரண்டு இட்லிக்கு ஒரு பெரிய கிண்ணம் கடைசல் என்றால் காலை டிபன் முடிந்தது.

ஆம்பூர் பிரியாணியை வாழ்நாள் முழுக்க விடச் சொன்னால் யாரும் டயட்டில் நிற்க மாட்டார்கள், நானும் நிற்கவில்லை. மாதம் ஒரு முறை, அரை பிளேட், முதலில் தயிர்ப் பச்சடியும் கறித் துண்டும், பிறகு சோறு. அன்றைக்கு ராத்திரி லேசாக. ஆற்காடு மக்கன் பேடா மட்டும் எனக்கு முடியாது. எண்ணெயில் பொரித்துப் பாகில் ஊறியது, ஒன்றே சுகரைத் தூக்கிவிடும். விசேஷ வீட்டில் ஒன்றை நாலாக வெட்டி, ஒரு துண்டோடு எழுந்துவிடுவேன்.

உப்பு ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராம், அதாவது தலை தட்டின ஒரு டீஸ்பூன். அப்பளம், ஊறுகாய், கருவாட்டில் இருப்பதும் அதில் அடக்கம். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை வாங்குவதற்கு முன் ஒரு எச்சரிக்கை: அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கும், பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் டெல்மிசார்ட்டன், எனலாபிரில், ஸ்பைரோனோலாக்டோன் போடுகிறவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

ஆறாவது: தலைமாட்டில் வைக்க வேண்டியது

சுகர் இறக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டயட் தொடங்கும் முதல் நாளே இதைத் தயார் செய்யுங்கள். சின்ன டப்பாவில் மூன்று ஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று, கைப்பையில் ஒன்று. வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத கோபம், இதில் எது வந்தாலும் சுகர் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் உடனே சர்க்கரைத் தண்ணீர். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு இட்லியோ ரொட்டியோ ஏதாவது சாப்பிட வேண்டும். மெஷின் இல்லாவிட்டால் பார்க்கக் காத்திருக்காமல் சர்க்கரையைக் குடித்துவிடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். 108ஐக் கூப்பிட வேண்டும். இதை உங்களைவிட உங்கள் வீட்டிலிருப்பவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். என் மகளுக்குத் தெரிந்திருந்ததால்தான் அன்றைக்குத் தப்பித்தேன்.

ஆடி மாத விரதம், ரம்ஜான் நோன்பு வருவதற்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏழாவது: நடை

முதல் வாரம் பத்து நிமிடம். எடை குறைய சாப்பாடுதான் பெரும்பங்கு. நடை, குறைந்ததைத் தக்கவைக்கவும் சுகரை இறக்கவும். பங்குனியிலிருந்து ஆவணி வரை நம் ஊரில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். கோட்டை அகழியை ஒட்டி விடியற்காலையில் நடப்பது எனக்குப் பிடிக்கும், தரை சமமாக இருப்பதால் முட்டிக்கும் சுகம். மலைப்படி ஏறுவதெல்லாம் இப்போது வேண்டாம். வெளியே போக முடியாதவர்கள் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்தால் போதும். முட்டிவலிக்காரர்கள் நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்து முறை, காலையும் மாலையும். தொடைத் தசை பலப்பட்டால் முட்டியின் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும்.

செருப்பு விஷயத்தில் கஞ்சம் வேண்டாம். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகின்றன, நாம் தேய்ந்த ரப்பர் செருப்போடு நடக்கிறோம். சுகர் இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், கல் குத்தினாலும் தெரியாமல் போகும். நடந்து வந்ததும் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். வேண்டுதல் என்று சுடுகிற தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

எட்டாவது: எடை பார்ப்பதும், மாத்திரையைத் திரும்பப் பார்ப்பதும்

வாரம் ஒரு நாள், காலைக்கடன் முடித்து, அதே மெஷினில். தினமும் ஏறி நின்றால் ஒரு கிலோ அப்படியும் இப்படியும் ஆடும், அது வெறும் தண்ணீர், மனசுதான் உடையும். இரண்டு வாரத்துக்கு முள் நகராவிட்டால் கவலை வேண்டாம். நாலு வாரம் நகராவிட்டால் நோட்டை மறுபடி எடுத்து மூன்று நாள் எழுதுங்கள். எண்ணெயும் நொறுக்கும் சத்தமில்லாமல் திரும்ப வந்திருக்கும், எனக்கு அப்படித்தான் வந்திருந்தது. எழுதியதில் ஒன்றும் இல்லையென்றால் தைராய்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு, மனநல மருந்துகள் சில, இன்சுலின் ஆகியவையும் எடையைப் பிடித்து வைக்கும். அது உங்கள் குறையில்லை. டாக்டரிடம் சொன்னால் வேறு வழி இருக்கிறதா என்று பார்ப்பார்.

எடை இறங்க இறங்க மாத்திரையும் மாற வேண்டும். முதல் மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சுகர், பிரஷர் எண்களை டாக்டருக்குக் காட்டுங்கள். பிரஷரை உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். நின்றால் மட்டும் இறங்குகிறது என்றால் மாத்திரை அதிகமாக இருக்கலாம். எனக்கு நாலு கிலோ குறைய மூன்றரை மாதம் ஆனது. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ராத்திரி போட்டுக்கொண்டிருந்த அந்தச் சுகர் மாத்திரையைச் சீட்டில் அடித்துவிட்டு, காலைக்கு மட்டும் பாதி அளவு எழுதினார் டாக்டர். "அடுத்த முறை ஆறு வாரம் கழிச்சு வாங்க, வெறும் வயிற்றோட வாங்க" என்றார். அன்றைக்கு 78 கிலோ.